நிழல் தாங்கல் கண்ணாடியும் நாலாவது மூச்சும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அய்யாவழி மக்கள் கும்பிடும் இடங்களான நிழல் தாங்கல்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கருவறையில் சிலை இருக்காது. விளக்கும் கண்ணாடியும்தான். சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி உள்ளே போனால் எதிரே நிற்பது நாமே. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் 1927இல் நாராயண குரு பிரதிஷ்டை செய்ததும் கண்ணாடியைத்தான். அவர் தவமிருந்த குகை நம்ம மருந்துவாழ்மலையில் இருக்கிறது.

சரி, கண்ணாடியிலோ தியானத்திலோ தன்னைப் பார்த்தால் மனசு ஏன் நிறைய வேண்டும்?

சும்மா உட்கார்ந்தால் மூளையும் சும்மா இருக்கும் என்றுதான் தோன்றும். இருப்பதில்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வேலை இல்லாத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் இன்னும் மும்முரமாகின்றன என்பதை 2001இல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்லேயின் குழு எடுத்துச் சொன்னது. நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒரு பகுதி, பின்மண்டைப் பக்கம் நடுவில் இன்னொன்று. இவை சேர்ந்து 'நான்' கதையை ஓட்டுகின்றன. கல்யாண வீட்டில் அவர் ஏன் முகம் கொடுக்கவில்லை, சீட்டுப் பணம் எப்போது வரும் என்கிற ரகம்.

ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரைச் செல்போன் வழியாக 'இப்போது மனசு எங்கே இருக்கிறது, எவ்வளவு மகிழ்ச்சி' என்று அவ்வப்போது கேட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்போது மகிழ்ச்சியும் குறைவு. இனிமையான நினைப்பில் அலைந்தவர்கள்கூட, கையில் இருக்கும் வேலையில் மனசு வைத்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தியானம் இந்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை, பிடிக்கிறது. மூச்சைக் கவனிக்கிறோம், மனசு நழுவுகிறது, 'அட, போய்விட்டோமே' என்று உறைக்கிறது, திரும்புகிறோம். அந்த உறைக்கும் கணத்தில் இன்சுலா போன்ற மூளைப் பகுதிகள் விழிக்கின்றன. நீண்ட நாள் பழகியவர்களிடம் அந்தக் கதை ஓட்டும் பகுதிகள் அடங்கியிருப்பதை 2011இல் ஜட்சன் புரூவர் குழு ஸ்கேனில் கண்டது. மற்றபடி, தியானம் செய்தால் இன்ன ஹார்மோன் கொட்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள்: இழுக்கும்போது துடிப்பு சற்று வேகம், விடும்போது மெதுவு. வெளிமூச்சின்போது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானித்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும்.

போன வாரம் மார்த்தாண்டத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது பத்து மூச்சு எண்ணிப் பார்த்தேன். நாலாவதில் நழுவினேன். மறுபடி ஒன்று. களியக்காவிளையில் இறங்கும்போது ஏழு.