விமானம் ஒட்டும், பட்டியல் ஒட்டாது

2024 நவம்பர் 11ஆம் தேதி வரை விஸ்தாராவின் குறியீட்டில் யூகே 955 என்று பறந்துகொண்டிருந்த விமானம், மறுநாள் ஏஐ 2955 ஆகிவிட்டது. அதே ஏர்பஸ், அதே இருக்கை, பெரும்பாலும் அதே பணியாளர்கள். விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவோடு சேர்ந்த நாள் அது. முன்னால் வந்து உட்கார்ந்த அந்த 2 எதற்கு என்று கேட்டால், "இது பழைய விஸ்தாரா விமானம்" என்று பயணிகள் அடையாளம் கண்டுகொள்ள. இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே எண் வைத்திருந்தால், ஒரே எண் இரண்டு பக்கமும் இருந்தே தீரும். ஒரே வானத்தில், ஒரே நாளில், ஒரே எண்ணில் இரண்டு விமானம் பறக்கக் கூடாது. விமான எண்ணுக்கு நான்கு இலக்கம்தான் இடம் என்பதால், மூன்று இலக்க எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்ப்பது சுலபமான வைத்தியம்.

இரண்டு விமான நிறுவனங்களை ஒன்றாக்குவது என்றால் வாலில் பெயிண்ட் மாற்றுவது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பெயிண்ட் கடைசி வேலை. அவசரமே இல்லாத வேலை. உள்ளே எது சட்டென்று ஒட்டும், எது பல வருடம் ஆனாலும் ஒட்டாது என்று பார்க்க ஏர் இந்தியாவைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. இந்தியாவின் தேசிய விமான நிறுவனம் பிறந்ததே ஒட்டுப்போட்டுத்தான்.

கதை தபால் மூட்டையில் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் பஸ் மோத் விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹூவுக்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மதராஸ் வந்து சேர்ந்தார். ஜூஹூவில் ஓடுதளம் என்று ஒன்றும் இல்லை. கடலோர மண் திடல். மழைக்காலத்தில் அது தண்ணீரில் மூழ்கிவிடும் என்பதால் மூட்டை முடிச்சோடு பூனாவுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தபால் சேவைதான் டாட்டா ஏர்லைன்ஸ் ஆகி, 1946இல் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8இல் 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. அதை ஓட்டிய ஏர் இந்தியா இன்டர்நேஷனலில் அரசுக்கு 49 சதவீதப் பங்கு.

இதற்கிடையில் உலகப்போர் முடிந்திருந்தது. உபரியாகிப்போன டகோட்டா விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. கையில் பணம் இருந்தவர்கள் எல்லாம் விமானக் கம்பெனி தொடங்கினார்கள். லாரி வாங்கி லைன் ஓட்டுவதுபோல. டெல்லியில் இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஹைதராபாத்தில் டெக்கான் ஏர்வேஸ், கல்கத்தாவில் பிர்லாக்களின் பாரத் ஏர்வேஸ், ஒரிசாவில் பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ். விமானம் கிடைத்துவிட்டது, பயணிகள்தான் கிடைக்கவில்லை. நீதிபதி ராஜாத்யக்ஷ தலைமையில் 1950இல் அமைந்த விசாரணைக் குழுவும், இருக்கிற கூட்டத்துக்குக் கம்பெனிகள் அதிகம் என்றுதான் சொன்னது.

1953இல் விமான நிறுவனங்களை அரசுடைமையாக்கும் விமானக் கழகங்கள் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 1இல் எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. வெளிநாட்டுச் சேவை மட்டும் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்று தனியே நின்றது. டாட்டாவின் உள்நாட்டு ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் போனது. பெயர் ஒரு வீட்டுக்கு, பாத்திரம் பண்டம் இன்னொரு வீட்டுக்கு. ஜே.ஆர்.டி.க்குத் தேசியமயத்தில் உடன்பாடு இல்லை. ஆனாலும் வெளிநாட்டுக் கழகத்தின் தலைவராக இருக்கச் சம்மதித்து 1978 வரை இருந்தார்.

எட்டுக் கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்தவை 99 விமானங்கள். அதில் 74 டகோட்டா, 12 வைக்கிங், மூன்று டிசி-4, மீதி சில்லறை. இந்த 74 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. டெக்கான் ஏர்வேஸில் டகோட்டா ஓட்டியவர் பாரத் ஏர்வேஸின் டகோட்டாவில் ஏறி உட்கார்ந்தால், கை தானாகவே சரியான நெம்புகோலுக்குப் போகும். மெக்கானிக்கின் பெட்டியில் இருக்கும் ஸ்பானரும் பொருந்தும்.

சேர்வதால் என்ன மிச்சம்? கணக்குக்காக ஒரு கம்பெனியிடம் 12 விமானம் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு கோளாறால் ஒவ்வொரு விமானமும் 20 நாளில் ஒரு நாள் படுத்துக்கொள்கிறது. சராசரியாக ஒரு நாளுக்கு 0.6 விமானம்தான் கெடும். ஆனால் சராசரியை நம்பித் தொழில் நடத்த முடியாது. சில நாள் இரண்டு சேர்ந்து படுக்கும். நூற்றுக்கு 98 நாள் சேவை நிற்காமல் ஓட, மாற்றாக இரண்டு விமானம் சும்மா நிற்க வேண்டும். எட்டுக் கம்பெனிக்குப் பதினாறு. இவற்றை ஒன்றாக்கினால் 96 விமானம். சராசரியாக ஐந்து கெடும். அதே 98 நாள் உத்தரவாதத்துக்குப் பத்து மாற்று போதும். எல்லாரிடமும் ஒரே நாளில் கெட்ட நேரம் வராது என்பதுதான் இதன் சூட்சுமம். கெடும் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம், விமான எண்ணிக்கை எட்டு மடங்கானால் எட்டு மடங்காகாது. அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் கூடும். எஞ்சின், டயர், ரிசர்வ் விமானி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். (மதராஸில் சும்மா நிற்கிற மாற்று விமானம், கல்கத்தாவில் கெட்டுப்போன விமானத்துக்கு அன்று காலையில் உதவாது. ஆகவே காகிதத்தில் மிச்சமாகும் ஆறும் நிஜத்தில் ஆறாக இருக்காது.)

பழைய கம்பெனிகளின் காலத்தில் தொடங்கி இந்தியன் ஏர்லைன்ஸின் கைக்கு வந்த இன்னொரு அருமையான ஏற்பாடு, 1949 ஜனவரியில் ஆரம்பித்த இரவுத் தபால் சேவை. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் நான்கிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நாக்பூரில் சந்திக்கும். தரையில் மூட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். பயணிகளும் இறங்கி அடுத்த விமானத்துக்கு நடப்பார்கள். பிறகு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். நான்கு ஊர்களை நேரடியாக இணைக்க ஆறு தடங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் போகவர விமானம். நாக்பூர் நடுவில் இருந்தால் நான்கு தடம் போதும். ஊர் பத்தானால் வித்தியாசம் இன்னும் பெரிது: நேரடியாக 45, நடுவில் ஒரு மையம் வைத்தால் பத்து. மெம்பிஸ் நகரை மையமாக வைத்து ஃபெடெக்ஸ் இதே முறையில் பார்சல் அனுப்பத் தொடங்கியது 1973இல். நம் ஆட்கள் இதை டகோட்டாவிலேயே செய்துகாட்டிவிட்டார்கள் என்பதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை என்பது என் வருத்தம்.

இனி ஒட்டாத கதை.

உள்நாட்டுக் கழகமும் வெளிநாட்டுக் கழகமும் 54 வருடம் தனித்தனியே வளர்ந்தன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், வேறுவேறு ஊரில் வளர்ந்தவர்கள். 2007இல் அரசு இரண்டையும் சேர்த்தபோது, ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ்ஸுக்கும் ஆர்டர் கொடுத்து முடித்திருந்தன. 1953இன் டகோட்டா வசதி இங்கே இல்லை.

போயிங் 777இல் விமானியின் முன்னால் பெரிய கைப்பிடி இருக்கும். ஒரு விமானி திருப்பினால் மற்றவர் முன்னால் இருப்பதும் கூடவே திரும்பும். ஏர்பஸ் 320இல் அது கிடையாது. பக்கவாட்டில் ஒரு சிறு குச்சி, கம்ப்யூட்டர் விளையாட்டில் இருப்பதுபோல. இடது பக்கத்துக் குச்சியை அசைத்தால் வலது பக்கத்துக் குச்சி அசையாது. தானியங்கி முறையில் எஞ்சின் வேகம் கூடும்போது போயிங்கில் நெம்புகோல்கள் தாமாக நகரும். ஏர்பஸ்ஸில் அப்படியே நிற்கும். கை பழகிய விதமே வேறு. அதனால்தான் ஒவ்வொரு விமான ரகத்துக்கும் தனி டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டும் அனுமதி வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வாரக்கணக்கில் சிமுலேட்டர் பயிற்சி, பிறகு மேற்பார்வையில் பறத்தல். அதுவரை அந்த விமானியின் வேலை நாட்கள் நிறுவனத்துக்கு நஷ்டக்கணக்கில். ஆக, ரிசர்வ் விமானிகளைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் வர்க்கமூல லாபம் இங்கே பெரிதாக எடுபடவில்லை.

அதையும் காசு, காலம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பணிமூப்புப் பட்டியலை முடியாது.

விமானியின் வாழ்க்கை ஒரு எண்ணில் தொங்குகிறது. கமாண்டர், அதாவது விமானத்தின் தலைமை விமானி எப்போது ஆவது, எந்த ஊரில் இருப்பது, பெரிய விமானத்துக்கு எப்போது போவது எல்லாம் பட்டியலில் அவர் எத்தனையாவது என்பதைப் பொறுத்தது. ஒரு நிறுவனம் வேகமாக வளர்ந்தது. அங்கே ஆறு வருடத்தில் ஒருவர் கமாண்டர். மற்றது மெதுவாக வளர்ந்தது. அங்கே பத்து வருடம் ஆனவர் இன்னும் துணை விமானி. இருவரையும் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது? சேர்ந்த தேதிப்படி என்றால் கமாண்டர், துணை விமானிக்குக் கீழே போகிறார். பதவிப்படி என்றால் நான்கு வருட மூப்பு வீண். இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று விகிதம் போட்டுப் பின்னினால் இரண்டு பக்கமும் கோபம். எல்லாருக்கும் நியாயமான விடை இந்தக் கணக்குக்கு இல்லை. யாருடைய நஷ்டத்தை நியாயம் என்று சொல்வது என்பதுதான் கேள்வி.

அது தெருவுக்கும் வந்தது. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பளம் சமமில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் பழைய ஏர் இந்தியா விமானிகளின் முறை. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானப் பயிற்சியை மற்ற தரப்புக்கும் கொடுப்பதா என்று 58 நாள். அதே வருடம் நீதிபதி தர்மாதிகாரி குழு, இரு தரப்பின் பதவிகளையும் சம்பளத்தையும் எப்படி ஒப்பிடுவது என்று அறிக்கை கொடுத்தது. இணைப்பு நடந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அதில் நான்கு வருடம் ஒரே நிறுவனத்துக்குள் ஏர் இந்தியாவின் ஏஐ, இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி என்று இரண்டு குறியீடுகள் ஓடின. 1999 விமானக் கடத்தலால் உலகமே அறிந்துகொண்ட அந்த ஐசி, 2011இல்தான் மறைந்தது. டிக்கெட் பதிவு, செக்-இன், எடை கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் முறைக்கு வந்தால்தான் குறியீட்டை ஒன்றாக்க முடியும். 2007இல் அழைப்பு வந்த ஸ்டார் அலையன்ஸ் என்ற பன்னாட்டு விமான நிறுவனக் கூட்டணியில் 2014 ஜூலையில்தான் ஏர் இந்தியாவால் சேர முடிந்தது.

2022 ஜனவரி 27இல் நிறுவனம் டாட்டா கைக்குத் திரும்பியது. 2024இல் நான்கு நிறுவனங்கள் இரண்டாயின: பழைய ஏர் ஏசியா இந்தியா அக்டோபர் 1இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள், விஸ்தாரா நவம்பர் 12இல் ஏர் இந்தியாவுக்குள். இந்த முறை கம்ப்யூட்டர் முதலில், பெயர் கடைசியில். பணியாளர்களுக்கு ஒரே இயக்கக் கையேடு, ஒரே பயிற்சி. பிறகுதான் விமானங்கள் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் உரிமத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறின. நவம்பர் 11 இரவு விஸ்தாரா என்று கிளம்பிய விமானம், கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது இறங்கும்வரை விஸ்தாராதான். பறக்கும் திட்டத்தில் கொடுத்த பெயரை நடுவானில் மாற்ற மாட்டார்கள்.

பட்டியல் தகராறு இந்த முறையும் தலைகாட்டியது, வேறு உருவில். ஏர் இந்தியாவில் ஓய்வு வயது 58, விஸ்தாராவில் 60. விஸ்தாராவிலிருந்து வருபவர் மேலே இரண்டு வருடம் கூடுதலாக உட்கார்ந்தால், கீழே காத்திருக்கும் ஏர் இந்தியாக்காரரின் எண் இரண்டு வருடம் நகராது. 2025 ஆகஸ்டில் விமானிகளுக்கு 65 என்று உயர்த்தி, தரைப்பணிக்கு 60 என்று வைத்தார்கள். துணை விமானிகள் தங்கள் வரிசை எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டிருப்பார்கள்.