அழற்சி வேறு, வீக்கம் வேறு

"அப்ப தம்பி, இந்தக் குளிசையைப் போட்டா கட்டி வத்திருமோ?"

திருகோணமலை உவர்மலையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கையில் ஒரு துண்டுப்பிரசுரம். ‘வீக்க எதிர்ப்பு வலிநிவாரணிகள் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும்’ என்று அச்சடித்திருந்தது. இந்த ‘வீக்க எதிர்ப்பு’ கண்ணில் படுவது எத்தனையாவது தடவையோ. அக்காவின் தங்கைக்கு மார்பில் கட்டி. வீக்கம் என்று வாசித்தால் அவர் வேறென்ன நினைப்பார்?

ஆங்கிலத்தில் இன்ஃபிளமேஷன் (inflammation) எனப்படும், காயத்துக்கோ கிருமிக்கோ உடம்பு காட்டும் எதிர்வினைக்குச் சரியான சொல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு; சுழல் சுழற்சியானதுபோல அழல் அழற்சியானது. அந்த ஆங்கிலச் சொல்லும் தீமூட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். அலர்ஜி வேறு, அது ஒவ்வாமை.

‘வீக்கம் என்றால் எல்லாருக்கும் விளங்கும்’ என்கிறார்கள். விளங்குகிறது, ஆனால் பிழையாக விளங்குகிறது. செம்மை, வீக்கம், சூடு, நோவு என்று அழற்சியின் நான்கு குறிகளை உரோம மருத்துவ நூலாசிரியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நான்கில் ஒன்றைப் பிடித்து முழுவதற்கும் பெயர் வைக்கலாமா? இதயமோ சிறுநீரகமோ பழுதாகிக் கால் வீங்குவது அழற்சியல்ல. பெயரை நம்பி அதற்கு இவ்வகை வலிநிவாரணியான டைக்ளோஃபெனக்கை விழுங்கினால், உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வீக்கம் கூடவும் கூடும். சொல்லை அச்சுக்குக் கொடுப்பவர்கள் இதை ஒருதரம் யோசித்திருக்க வேண்டாமா?

புற்றுநோய் விஷயத்தில் இன்னும் மோசம். அங்கே பேசப்படுவது வெளியில் தெரியாமல் வருடக்கணக்கில் கனலும் அழற்சி. புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் கலங்களைப் பெருகத் தூண்டும், புதுக் குருதிக்குழாய்கள் முளைக்க உதவும். இவ்வகை வலிநிவாரணிகளில் ஒன்றான அஸ்பிரின் அதன் உற்பத்தியை மறிக்கிறது என்று 1971இல் பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் காட்டினார். லிஞ்ச் நோய்க்குறி என்ற, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களில், நாளுக்கு 600 மில்லிகிராம் அஸ்பிரினை இரண்டு வருடமாவது எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் பெருங்குடற் புற்றுநோய் குறைவாக வந்ததை 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. அது வருமுன் காத்த கதை. வந்த கட்டியை வற்றவைத்த கதையல்ல.

‘எதிர்ப்பு’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. அழற்சி கிருமியல்ல, உடம்பு தானே மூட்டும் நெருப்பு. நெருப்பைத் தணிக்கிறோம், காய்ச்சலைத் தணிக்கிறோம். ஆகவே ‘அழற்சி தணிக்கும் வலிநிவாரணி’. பனடோல் (பரசிட்டமோல்) இதில் சேராது. நோவையும் காய்ச்சலையும் குறைக்கும், அழற்சியில் அதற்குப் பெரிய வேலையில்லை.

அக்காவின் தாளில் பேனையால் வெட்டி இப்படியே எழுதிக் கொடுத்தேன். தங்கையின் கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.