கால்டெரா: எரிமலைக் கொப்பரை

பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், கவித்தே மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் குளிர்ந்த ஊர் தகாய்த்தாய். மணிலாவின் புழுக்கத்திலிருந்து ஒரு நாளாவது விடுபட எண்ணுவோர் வார இறுதியில் அங்கே குவிகின்றனர். ஊரின் நெடுஞ்சாலையை ஒட்டிய உணவகங்களில் அமர்ந்தால் கீழே தால் ஏரியும், அதன் நடுவே எரிமலைத் தீவும் விரிந்து தெரியும். இந்தக் காட்சியை விளக்கும் பயணக் குறிப்புகளிலும் நிலவியல் நூல்களிலும் தவறாமல் இடம்பெறும் சொல் ‘கால்டெரா’ என்பதாகும். தமிழில் எழுதுவோர் இச்சொல்லைப் பல நேரங்களில் ‘எரிமலை வாய்’ என்று பெயர்த்துவிடுகின்றனர். அது பொருந்தாது என்பதையும், எச்சொல் பொருந்தும் என்பதையும் கூறுவதே இக்குறிப்பின் நோக்கம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எரிமலையின் உச்சியில் பாறைக்குழம்பும் சாம்பலும் வெளியேறும் திறப்பைச் சுற்றி அமையும் கிண்ணம் போன்ற பள்ளமே எரிமலை வாய். அதன் குறுக்களவு பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கால்டெரா உருவாகும் விதமே வேறு. நிலத்தடியில் பாறைக்குழம்பு தேங்கியிருக்கும் அறை மிகப் பெரிய வெடிப்பொன்றில் வெகுவாகக் காலியாகும்போது, அதன் மேற்கூரையாக இருந்த நிலம் தாங்குவாரின்றி உள்ளே அமிழ்கிறது. எனவே ஒன்று பொருள் வெளியே வந்த வழி; மற்றொன்று பொருள் போனபின் நிலம் உட்கார்ந்த இடம். முன்னதற்கு ‘வாய்’ என்ற சொல் மிகப் பொருத்தமானது. பின்னதை ‘பெருவாய்’ என்று சிலர் எழுதுவது, அவ்வளவு பெரிய பரப்பு முழுவதுமே ஒரு காலத்தில் தீயைக் கக்கிய திறப்பு என்ற தவறான எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் விதைத்துவிடுகிறது.

தாலில் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரிகிறது. தால் கால்டெராவின் நீளம் ஏறத்தாழ 20 கி.மீ., அகலம் ஏறத்தாழ 15 கி.மீ. ஒரே வெடிப்பில் இது உருவானதன்று. தொல்பழங்காலத்தில் நிகழ்ந்த பெருவெடிப்புகள் பலவற்றின் கூட்டு விளைவு. அமிழ்ந்த நிலத்தில் நீர் நிறைந்து ஏரியாயிற்று. ஏரியின் பரப்பு சுமார் 234 சதுர கி.மீ.; அதன் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயர்ந்தது. ஆகவே தகாய்த்தாயின் விளிம்பில் நிற்பவருக்கும் கீழே மின்னும் நீருக்கும் இடையிலான இறக்கம் கிட்டத்தட்ட அம்மலையின் முழு உயரமே. ஏரியின் நடுவே பிற்காலத்து வெடிப்புகளால் எழுந்த தீவின் உயரம் 311 மீட்டர். அதன் உள்ளேதான் உண்மையான ‘வாய்’ இருக்கிறது. அந்த வாயிலும் ஒரு சிற்றேரி, அச்சிற்றேரியில் ஒரு சிறு பாறைத்தீவு என்று ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருந்த அடுக்கைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து மக்கள் படகேறினர். 2020 சனவரி 12 அன்று தொடங்கிய வெடிப்பில் அச்சிற்றேரியின் நீர் வற்றியது. அந்தப் பாறைத்தீவும் தன் பழைய உருவை இழந்தது. தீவு முழுவதும் நிலையான ஆபத்து வலயமாக வரையறுக்கப்பட்டுள்ளது; பயணிகள் மேட்டிலிருந்து பார்ப்பதே இப்போது நடைமுறை.

அங்கே எடுக்கப்படும் ஒளிப்படங்களில் தீவின் ஓரமாக ஒழுங்கான கூம்பு வடிவில் நிற்கும் குன்று ஒன்றுதான் முதலில் கண்ணில்படும். புதிதாக வருவோர் பலர் அதனையே தால் எரிமலை என்று சுட்டிக்காட்டுவர். அதன் பெயர் பினிந்தியாங் மலாக்கி. தீவில் உள்ள பல கூம்புகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. ஏரிக்கு அப்பால் நிற்கும் மலையைத் தேடும் கண்ணுக்கு, தான் நிற்கும் மேடே அந்த எரிமலையின் விளிம்பு என்பது எளிதில் புலப்படுவதில்லை. தகாய்த்தாய் எரிமலைக்கு எதிரே அமைந்த ஊர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கால்டெரா என்னும் சொல்லைச் சரியாக அறிந்தவர் அந்த ஊர் எரிமலையின் வடக்கு விளிம்பின் மேலேயே அமைந்தது என்றுதான் எழுதுவார். ஊர்ப்பெயரும் அதற்கு இசைவாகவே இருக்கிறது. தகாலோக் மொழியில் தகாய்த்தாய் என்றால் மலைமுகடு, மலைத்தொடர் என்று பொருள். காட்டுப்பன்றி வேட்டையில் மகன் தந்தையை நோக்கி, “வெட்டு, அப்பா” என்ற பொருள்பட, “தகா, இத்தாய்!” என்று கூவியதால் இப்பெயர் வந்தது என்ற கதையும் வழங்குகிறது, சுவையான கதைதான், எனினும் மலைமுகட்டில் இருக்கும் ஊருக்கு மலைமுகடு என்று பெயர் அமைந்ததற்கு வேட்டைக்கதை தேவையில்லை.

இனி, சொல்லின் பிறப்பு. கால்டெரா என்பது ஸ்பானிய மொழியில் நீர் காய்ச்சவும் சமைக்கவும் பயன்படும் பெரிய கலத்தின் பெயர். அதன் வேர் பிற்கால இலத்தீனில் சமையற்கலத்தைக் குறித்த ‘கல்தாரியா’. அதற்கும் மூலம் ‘சூடான’ என்னும் பொருளுடைய ‘கலிதுஸ்’. உரோமானியரின் குளியற்கூடங்களில் வெந்நீர் அறையைக் ‘கல்தாரியம்’ என்று அழைத்ததும் இவ்வேரிலிருந்தே. போர்த்துக்கேயர் இதே கலத்தைக் ‘கல்தெய்ரா’ என்றனர். பள்ளத்தைக் கலத்தின் பெயரால் அழைக்கும் பழக்கம் இச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. எரிமலை வாயைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘கிரேட்டர்’ என்பதும், கிரேக்கர் திராட்சை மதுவில் நீர் கலக்கப் பயன்படுத்திய அகன்ற கிண்ணத்தின் பெயரே.

ஸ்பெயினுக்கு உரிய கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் ‘கால்டெரா தே தபுரியெந்தே’ என்றொரு மாபெரும் பள்ளம் உண்டு. செருமானிய நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் 1815-இல் அத்தீவுகளுக்குச் சென்று திரும்பி எழுதியவற்றின் வழியாகவே, அதுவரை உள்ளூர் வழக்காக இருந்த அச்சொல் அறிவியலுக்குள் புகுந்தது. ஆனால் அப்பள்ளம் தோன்றியதற்கு அவர் கூறிய காரணம் நிலைக்கவில்லை; கீழிருந்து உந்தப்பட்ட நிலம் மேலெழுந்து நடுவே பிளந்ததாக அவர் கருதினார். நிலம் அமிழ்வதால் உண்டாகும் பள்ளம் என்ற கருத்து, சாண்டோரினி, கிரக்கத்தோவா போன்ற எரிமலைகளை ஆராய்ந்தோரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. எரிமலை ஆய்வாளர் ஹவல் வில்லியம்ஸ் 1941-இல் வெளியிட்ட ஆய்வு அதனை உறுதியாக நிலைநிறுத்தியது. இதில் ஒரு முரண் உண்டு. பெயரைத் தந்த தபுரியெந்தே, மலைச்சரிவாலும் நீர் அரித்ததாலும் உருவான பள்ளம் என்பதே இன்றைய முடிவு. அதாவது, கால்டெரா என்ற பெயரை உலகுக்கு வழங்கிய இடம் இன்றைய வரையறைப்படி கால்டெரா ஆகாது.

1565 முதல் 1898 வரை ஸ்பானிய ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில் இச்சொல்லின் உறவுகள் அடுப்படியில் வாழ்கின்றன. சோறு வடிக்கும் பானைக்கு அங்கே ‘கல்தெரோ’ என்று பெயர். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சும் குழம்புக்கு ‘கல்தெரெத்தா’ என்று பெயர். தால் ஏரி அமைந்த பத்தங்காஸ் மாகாணத்தார் தங்கள் கல்தெரெத்தாவைப் பற்றிப் பெருமை பேசுவர். தகாய்த்தாயின் குளிருக்கு மாட்டின் கால் எலும்பை மச்சையோடு நெடுநேரம் வேகவைத்த ‘புலாலோ’ சாறும், ஏரியில் மட்டுமே வாழும் நன்னீர் மத்தி வகையைச் சேர்ந்த ‘தவிலிஸ்’ மீனை மொறுமொறுவென வறுத்ததும் பெயர்பெற்றவை. அந்த மீனின் வரலாறும் கால்டெராவின் வரலாற்றோடு பிணைந்தது. ஏரி ஒரு காலத்தில் பாலாயான் விரிகுடாவோடு தாராளமாக இணைந்திருந்தது. 1754-இல் பல மாதங்கள் நீடித்த வெடிப்பு அவ்வழியைப் பெரிதும் அடைத்து, பான்சிபித் என்னும் குறுகிய ஆறு மட்டும் எஞ்சுமாறு செய்தது. உப்புநீர் காலப்போக்கில் நன்னீராக, அதற்குள் வாழப் பழகிய கடல் உயிர்களில் ஒருவகைக் கடற்பாம்பும் உண்டு. தவிலிஸ் இன்று அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது என்பதை, அதைக் கேட்டு வாங்குவோர் அறிந்திருப்பது நன்று.

தமிழில் இதற்கு நேரான கலப்பெயர்கள் குறைவில்லை. முதலில் நினைவுக்கு வருவது கடாரம். பெரிய வெண்கலக் கொதிகலத்தைக் குறிக்கும் இச்சொல், ஒலியிலும் கால்டெராவை நெருங்கி நிற்பதால், இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிட ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு இடம் கொடுக்கலாகாது. கடாரம் வடமொழியின் ‘கடாகம்’ என்பதோடு தொடர்புபடுத்தப்படுவது. கால்டெராவோ ‘சூடு’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தவிரவும், இராசேந்திர சோழன் வென்ற கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா, தமிழ்ப் படிப்பாளர் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. ‘கடார ஏரி’ என்று எழுதினால் நினைவு கெடாவுக்குத்தான் ஓடும்.

குழிசி என்னும் பழஞ்சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெரும்பாணாற்றுப்படையில் ‘முரவுவாய்க் குழிசி’ என்று, விளிம்பு சிதைந்த சமையற்பானையாக அது வருகிறது. குழி என்ற சொல்லைத் தன்னுள்ளே கொண்ட பானைப்பெயர் என்பதும், தென்மேற்கில் விளிம்பு தாழ்ந்து ஆற்றுக்கு வழிவிட்ட தால் போன்ற பள்ளத்திற்கு ‘முரவுவாய்’ என்ற அடை அப்படியே பொருந்துவதும் வியப்பளிக்கின்றன. ஆயினும் இன்றைய வாசகருக்குக் குழிசியையே விளக்கிவிட்டுத்தான் கால்டெராவை விளக்க வேண்டியிருக்கும். ஒரு கலைச்சொல்லுக்கு அது பெரும் சுமை.

எஞ்சி நிற்பது கொப்பரை. அகன்ற வாயுடைய பெரிய உலோகக் கலம் என்ற பொருளில் இச்சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் ஏற்றப்படுவது கொப்பரையில்தான் என்பது எல்லாரும் அறிந்தது. மலை, தீ, கலம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே ஒன்றுகூடியிருக்கும் சொல் இது. உலர்ந்த தேங்காய்ப் பருப்பையும் கொப்பரை என்கிறோமே என்ற தடை எழலாம். தென்னை மலிந்த பிலிப்பைன்ஸில் வழங்கும் ‘கோப்ரா’ என்ற வணிகச்சொல்லும் நம் பக்கத்துச் சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகச் சென்றதே. ஆனால் ‘எரிமலைக் கொப்பரை’ என்று அடை சேர்த்து எழுதும்போது தேங்காய் எவர் நினைவுக்கும் வராது. நிலம் அமிழ்ந்ததையும் பெயர் சொல்ல வேண்டும் என்று வாதிடுவோருக்கு ஒன்று கூறலாம்: மூலச்சொல்லும் வடிவத்தை மட்டுமே கூறுகிறது, காரணத்தை அது கூறவில்லை, அதனால்தான் காரணம் பற்றிய கொள்கை மாறியபோதும் பெயர் மாறாமல் நிலைத்தது. காரணத்தையும் குறித்தே ஆகவேண்டிய நிலவியல் கட்டுரைகளில் ‘அமிழ்வுக் கொப்பரை’ என்று விரித்து, தபுரியெந்தே போன்றவற்றை ‘அரிப்புக் கொப்பரை’ என்று பிரித்துக்காட்டலாம்.

இவ்வாறு கொண்டால் தொடர்புடைய சொற்களும் தாமாக அமைகின்றன. தகாய்த்தாய் அமைந்த மேடு கொப்பரை விளிம்பு. அங்கிருந்து ஏரி வரை இறங்கும் செங்குத்தான பகுதி கொப்பரைச் சுவர். தால் ஏரி கொப்பரை ஏரி. இதே வகையில், சுமாத்திராவில் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் உருவாகி, ஆந்திரத்தின் சுவாலாபுரம் வரை சாம்பலைத் தூவிய தோபா வெடிப்பின் எச்சமான தோபா ஏரியையும் கொப்பரை ஏரி என்றே குறிக்கலாம். மொரீசியசில் இந்துக்கள் வழிபடும் கங்கா தலாவ் ஏரியோ, அளவாலும் தோற்றத்தாலும் எரிமலை வாயில் அமைந்தது. அதனை வாய் ஏரி என்பதே சரி. தாலில் இவை இரண்டும் ஒன்றனுள் ஒன்றாக இருப்பதால், அதைப் பற்றி எழுதுவோர் இரண்டு சொற்களையும் தனித்தனியே ஆள வேண்டும்: தகாய்த்தாயிலிருந்து பார்ப்பவர் காணும் பெரிய நீர்ப்பரப்பு கொப்பரை ஏரி, 2020-இல் வற்றியது அதன் நடுத்தீவில் இருந்த வாய் ஏரி.