டேக்கிள்னா பிடியா, பறிப்பா, இல்ல காலை வாருறதா?

டேக்கிள்ங்கற ஒரு வார்த்தைக்காக ஏற்காட்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு ஃபுட்பால் டீம் முக்கா மணி நேரம் சண்டை போட்டதை நேர்ல பாத்தவன் நான், அன்னிக்கு ஆட்டமே அவ்ளோ நேரம் நடக்கல. சேலத்துல இருந்து பைக்ல 20 ஹேர்பின் பெண்டும் ஏறிப் போயிருந்தோம், மேல எஸ்டேட் பசங்க டீம். லேசா தூறல், மூட்டம் வேற, எதிர் கோல் போஸ்ட் தெரியறதும் மறையறதுமா இருந்துச்சு. எங்க ரைட் விங் பையன் ஓரமா பந்தைத் தள்ளிட்டு ஓடறான், மலைப் பையன் ஒருத்தன் எங்கயோ இருந்து படுத்த மேனிக்கு வழுக்கிட்டே வந்தான், பந்து கோட்டுக்கு வெளிய போச்சு, அது பின்னாடியே எங்காளும் போனான். "கிளீன் டேக்கிள்ணா, பந்தைத் தான் தொட்டேன்"ங்கறான் அவன். "டேக்கிளா இது, காலை வாரிட்டாண்டா"ன்னு கெண்டைக்காலைப் பிடிச்சுக்கிட்டு இவன். நடுவுல எங்க ஆள் ஒருத்தரே வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம "நல்ல டேக்கிள் தான்பா அது"ன்னு சொல்லிட்டாரு, அவ்ளோதான், சண்டை அவர் பக்கம் திரும்பிருச்சு. "நீயெல்லாம் நம்ம டீம் சப்போர்ட்டரா, மொதல்ல ஃபேனா நீ?"

கீழ எறங்கி வர்ற வழி பூரா எனக்கு இதே யோசனை. சண்டை பாதி கால்ல, மீதி வார்த்தையில. டேக்கிள்னு ஒரே பேரை ரெண்டு வேற வேற காரியத்துக்கு வச்சிருக்கோம், ஃபேன்ங்கறதும் அதே கதை தான்.

முதல்ல டேக்கிள். இது கப்பல்காரன் வார்த்தை. பழைய டச்சு, வட ஜெர்மன் பக்கத்துப் பேச்சுல இருந்து இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, அர்த்தம் பாய்மரக் கப்பலோட கயிறு, கப்பி, கொக்கி மாதிரியான சாமான் செட்டு. மீன் பிடிக்கற தூண்டில் சாமானை இன்னிக்கும் அவங்க டேக்கிள்னு சொல்றது அதனால தான். அப்பறம் குதிரைக்குச் சேணம் பூட்டறதுக்கு அந்த வார்த்தை போச்சு, அங்கிருந்து ஒரு ஆளை எட்டிப் புடிச்சு மடக்கறதுக்கு வந்துச்சு. ஆக ஆதியில இருந்தே கையும் கயிறும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம், கால் எங்கயுமே இல்ல.

கால் எப்ப வந்துச்சுன்னா, 1863ல லண்டன்ல கால்பந்து சங்கம் ஆரம்பிச்சு விதி எழுதினாங்க பாருங்க, அப்ப. அதுவரைக்கும் ஊருக்கு ஒரு விதி, ஸ்கூலுக்கு ஒரு விதி. எதிராளியோட முன்னங்கால் எலும்புலயே எட்டி உதைக்கறது அப்ப சில எடத்துல நேர்மையான ஆட்டம், அதுக்கு 'ஹேக்கிங்'னு பேரே உண்டு. அதைத் தடை பண்ணணும்னு பேச்சு வந்தப்ப பிளாக்ஹீத் கிளப்காரங்க முடியாது, உதைக்கலைன்னா அது என்ன ஆம்பளை ஆட்டம்ங்கற ரேஞ்சுல வாதாடிட்டு சங்கத்தை விட்டே வெளிய போயிட்டாங்க. அதே கிளப் 1871ல ரக்பி யூனியன் ஆரம்பிச்சப்ப அதுல சேந்துச்சு, அந்த ரக்பிலயும் ஹேக்கிங்கைத் தடை பண்ணிட்டாங்கங்கறது தான் தமாஷ். எது நல்ல டேக்கிள் எது மோசமான டேக்கிள்ங்கற சண்டை நம்ம ஏற்காட்ல ஆரம்பிச்சது இல்ல, அந்த ஆட்டம் பொறந்தப்பவே கூடப் பொறந்தது.

ரக்பில ஆளைக் கட்டிப் புடிச்சுச் சாய்க்கறது டேக்கிள். ஃபுட்பால்ல கை போடக் கூடாதுன்னு ஆனதும் கை போச்சு, பேர் மட்டும் மிச்சம். இதனால தான் சில பேர் தமிழ்ல 'பிடி'ன்னு எழுதும்போது எனக்கு ஒட்ட மாட்டேங்குது. கபடிக்கு 'பிடி' அச்சு அசலாப் பொருந்தும், பாடி வர்றவனைக் கணுக்கால்ல புடிச்சு மடக்கறான் இல்ல, டேக்கிளோட பழைய அர்த்தமே அது தான். ஃபுட்பால்ல யாரு யாரைப் புடிக்கறாங்க? புடிச்சா ஃபவுல்.

இப்ப இருக்கற ஆட்ட விதியில டேக்கிளுக்கு ஒத்தை வரி விளக்கம் தான், காலால பந்துக்குப் போட்டி போடறது, தரையிலயும் சரி, அந்தரத்துலயும் சரி. அதாவது குறி பந்து. அப்படின்னா நம்ம வார்த்தை 'பறிப்பு'. பந்தைப் பறிச்சான், பந்துப் பறிப்பு. வழுக்கிட்டு வந்து பறிச்சா சறுக்குப் பறிப்பு. வாய்க்கும் சுலபமா வருது, கிரவுண்டுல கத்தறதுக்கும் "பறிடா பறிடா"ன்னு நல்லா இருக்கு, ஏற்கனவே கத்திக்கிட்டும் தான் இருக்கோம்.

பந்தை விட்டுட்டு ஆளைக் குறி வச்சா? அதுக்குப் பேர் 'கால்வாரல்'. அகராதியில தேட வேணாம், "கூட இருந்தே காலை வாரிட்டான்"னு அரசியல் பேசறப்ப, ஆபீஸ்ல, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் சொல்றோமே அதே தான். துரோகத்துக்குச் சொல்ற வார்த்தையை அதோட நேர் அர்த்தத்துல கிரவுண்டுக்குக் கொண்டு வர்றோம், அவ்ளோதான். அன்னிக்கு எங்க ரைட் விங் பையன் வலியில கத்துனப்ப வாயில தானா வந்தது இந்த வார்த்தை தானே, அவன் ஒண்ணும் யோசிச்சுச் சொல்லல.

ஃபவுல்ங்கறதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு அழுகிப் போனது, நாறுனதுன்னு அர்த்தம். நம்ம தெருவுல 'அழுகுணி ஆட்டம்'னு சொல்றதைக் கேட்டதும் ஆஹா ரெண்டும் ஒண்ணான்னு துள்ளாதீங்க, அது அழுகறதுல இருந்து வரல, அழுகையில இருந்து வந்ததுன்னு தான் எனக்குப் படுது, தோத்ததும் அழுது ஆட்டத்தைக் கலைக்கறவன் ஆட்டம். இன்னிக்குப் பசங்க அதையும் விட்டுட்டு 'போங்கு'ங்கறாங்க.

சரி, "பந்தைத் தான் தொட்டேன்"ங்கறவனுக்கு வருவோம். முன்னாடி விதியில பந்தைத் தொடறதுக்கு முன்ன ஆளைத் தொட்டா தப்புன்னு ஒரு வரி இருந்துச்சு, நிறையப் பேர் இன்னும் அதையே புடிச்சுக்கிட்டு இருக்காங்க. இப்ப அது கிடையாது. 12வது விதி மூணு படி வச்சிருக்கு. அஜாக்கிரதையா போனா ஃப்ரீ கிக்கோட சரி. எதிராளிக்கு என்ன ஆகும்னு பாக்காம, நம்ம பாஷையில கண்ணு மண்ணு தெரியாம போனா மஞ்சக் கார்டு. அளவு மீறுன வேகத்துல, ஆளோட காலு போயிரும்ங்கற மாதிரி பாஞ்சா செவப்பு. பந்தை மொதல்ல தொட்டுட்டு அதே வேகத்துல கணுக்காலை ஒடிச்சாலும் செவப்பு தான். இந்தக் கார்டே 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில தான் வந்துச்சு, கென் ஆஸ்டன்ங்கற ரெஃப்ரிக்கு ட்ராஃபிக் சிக்னலைப் பாத்து வந்த ஐடியா. சேலம் அஞ்சு ரோடு சிக்னல்ல நின்னுருந்தா அந்த ஐடியா வந்திருக்குமான்னு தெரியல, நம்மாளுங்க மஞ்சளைப் பாத்தா தானே இன்னும் முறுக்கறாங்க.

ரெஃப்ரி கண்ணுக்குத் தப்பறதும் உண்டு. 2010 உலகக் கோப்பை ஃபைனல், நம்ம ஊர்ல சரியா ராத்திரி 12 மணிக்கு ஆரம்பம், கரண்ட் எப்ப போகும்னு பயந்துக்கிட்டே பாத்தோம். நெதர்லாந்தோட டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயின் ஸாபி அலோன்ஸோ நெஞ்சுலயே பூட்ஸ் ஆணியை எறக்குனாரு, குடுத்தது மஞ்சக் கார்டு. ரெஃப்ரி ஹோவர்ட் வெப், அது செவப்பு தான் குடுத்திருக்கணும்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. அதுல பறிப்பு எங்க இருக்கு, பந்து எங்கயோ, கால் எங்கயோ. எங்க ரூம்ல நெதர்லாந்து பக்கம் இருந்த ரெண்டு பேர் மட்டும் விடியற வரைக்கும் "பந்தைத் தான் பாத்தாரு"ன்னு சாதிச்சாங்க.

மண்ணுக்கும் இதுல பங்கு இருக்கு. சேலத்துல நாங்க ஆடற கிரவுண்டு செம்மண்ணும் பொடிக்கல்லும். அதுல சறுக்குனா தொடைத் தோல் அங்கயே தங்கிரும், சாயங்காலம் குளிக்கறப்ப தெரியும் சேதி. அதனால எங்காளுங்க நின்னுக்கிட்டே தான் காலை விடுவாங்க, சறுக்கிட்டு வர்றவனைப் பாத்தாலே கொலைகாரனைப் பாத்த மாதிரி இருக்கும். மேல ஈரப் புல்லு. அந்தப் பசங்க நடக்கப் பழகும்போதே சறுக்கப் பழகியிருப்பாங்க போல, நிறுத்தணும்னு நெனச்சாலும் புல்லு நிறுத்த விடாது. அன்னிக்கு நடந்தது என்னைக் கேட்டா பறிப்பு தான், கடைசி ஒரு அடி மட்டும் அஜாக்கிரதை, ஃப்ரீ கிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். இதை அங்கேயே சொல்லியிருந்தா எனக்கும் ஃபேன் பட்டம் பறி போயிருக்கும்.

அந்தப் பட்டத்துக்கு வருவோம். ஃபேன்னா தமிழ்ல 'விசிறி'ன்னு ஒரு காலத்துல பத்திரிகைக்காரங்க எழுதினாங்க, "உங்கள் தீவிர விசிறி"ன்னு வாசகர் கடிதம்கூட வரும். தப்பான மொழிபெயர்ப்பு தான், ஆனா நெலைச்சிருச்சு. உண்மையில அந்த ஃபேன் வேற, காத்து வாங்கற ஃபேன் வேற. காத்து ஃபேன் லத்தீன் 'வன்னுஸ்'ல இருந்து வந்துச்சு, தானியம் தூத்தற முறம் மாதிரி ஒரு கூடை. தூத்தறதுக்கு நம்ம பாஷையில இன்னொரு அர்த்தமும் இருக்கே, ஆளைத் தூத்தறது. எதிர் டீம்காரன் அம்மா அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டற ஆளுங்களைப் பாக்கறப்ப, விசிறின்னு தப்பா மொழிபெயர்த்தவர் தெரியாமலேயே சரியாத் தான் பண்ணிட்டாரோன்னு தோணும். இதுல 'பிளாஸ்டிக் ஃபேன்'னு, அதாவது போலி ஃபேன்னு வேற பசங்க திட்டிக்கறாங்க, எங்கம்மாவைக் கேட்டா டேபிள் ஃபேனைக் காட்டுவாங்க.

ஆட்டத்து ஃபேன், 'ஃபனாட்டிக்'கோட வெட்டுன வால், 1880கள்ல அமெரிக்க பேஸ்பால்காரங்க புழக்கத்துக்குக் கொண்டு வந்தது. ஃபனாட்டிக்கோட மூலம் லத்தீன் 'ஃபானும்', கோயில்னு அர்த்தம். ஃபனாட்டிகுஸ்னா கோயில்ல சாமி எறங்கி ஆடறவன். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போயிருக்கீங்களா, மேளம் வேகம் புடிக்கறப்ப கண்ணு சொருகி ஆடுவாங்க பாருங்க, அது தான் அந்த வார்த்தை பொறந்த எடம். அப்ப சரியான தமிழ் 'அருளாடி'. இத்தாலிக்காரங்க இன்னும் ஒரு படி மேல, 'டிஃபோஸி'ம்பாங்க, டைஃபஸ் காய்ச்சல் கண்டவங்கன்னு அர்த்தம். சாமி ஆடறவன்கிட்டயும் காய்ச்சல்காரன்கிட்டயும் போய் டேக்கிள் கிளீனான்னு கேக்க முடியுமா?

'ரசிகர்' அப்படி இல்ல. வடமொழி ரசம், சாறு, சுவை. சுவைக்கத் தெரிஞ்சவர் ரசிகர், தனித்தமிழ்ல எழுதறவங்க 'சுவைஞர்'ம்பாங்க. எதிர் டீம்காரன் நல்லாப் பறிச்சாலும் "நல்ல டேக்கிள் தான்பா"ன்னு சொன்னாரே எங்காள், அவர் தான் சொல்லோட அர்த்தப்படி அன்னிக்கு அங்க இருந்த ஒரே ரசிகர். அவரைத் தான் எல்லாரும் சேந்து வெரட்டுனோம்.

'சப்போர்ட்டர்' இன்னொண்ணு. கீழ இருந்து சுமக்கறதுன்னு லத்தீன்ல அர்த்தம். 'ஆதரவாளர்'னா ஏதோ தேர்தல் வாசனை வருது. எனக்குப் புடிச்சது 'தாங்கி'. பழைய ரோட்டோரம் ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வச்சிருப்பாங்களே சுமைதாங்கி, தலைச்சுமையை ஆளு இல்லாமலேயே எறக்கி வைக்க. டீம் ஜெயிக்கறப்ப வர்றவங்க மூக்கனேரிக் கொக்கு மாதிரி, தண்ணி இருக்கற வரைக்கும் தான். கல்லு எங்கயும் போகாது.

ஸ்பானிஷ்ல ரசிகனுக்கு 'இஞ்ச்சா'ம்பாங்க, ஊதிப் பெருசாக்கறவன். உருகுவே மொண்டெவிடேயோவுல நஸியோனால் கிளப்புக்குப் பந்துல காத்தடிச்ச ஒரு தோல் தொழிலாளி கோட்டோரம் நின்னு கத்துன கத்துல அந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்றாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு ஏற்காட்டு அண்ணன் ஒருத்தர் தான் ஞாபகம் வந்தாரு. அன்னிக்கு நாங்க சண்டை போட்ட முக்கா மணி நேரமும் அவர் கோட்டோரம் சைக்கிள் பம்ப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருந்தாரு. அரை டவுசர், தலையில பிளாஸ்டிக் கவர், வாயில ஊசி, எச்சில் பண்ணாம சொருகுனா பந்து வால்வு போயிரும்னு அவர் கணக்கு. எந்த டீம் பக்கமும் ஒரு வார்த்தை பேசல. சண்டை ஓயற மாதிரி இல்லன்னதும் எழுந்து வந்து, புல்லுல கெடந்த பந்தைக் கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு, "காத்து எறங்கிருச்சு, யாராச்சும் ஒருத்தன் வந்து இதைப் புடிங்கடா"ன்னாரு. போய் ரெண்டு முட்டிக்கும் நடுவுல பந்தை வச்சுப் புடிச்சவன் அந்தச் சறுக்குன பையன், பம்ப் அடிச்சது நொண்டிக்கிட்டே வந்த எங்க ரைட் விங்.