கொக்குக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுக்காதீர்கள்

பங்குனி வெயில் ஏறி, ஏரிகளில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். வீட்டுத் தோட்டங்களில் மீன் குளம் அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். அழைப்பவர் சேலம் அழகாபுரத்தில் இருந்தாலும், கன்னங்குறிச்சியில் இருந்தாலும், ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாவில் இருந்தாலும் புகார் ஒன்றுதான். கொக்கு வந்து மீனையெல்லாம் தின்றுவிட்டது, உடனே ஏதாவது செய்ய வேண்டும். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் தின்றது கொக்கே இல்லை. உண்மையிலேயே கொக்கு வந்துபோன வீடுகளில், அது இறங்கி நிற்பதற்கு வாகாகப் படி கட்டி, மீனையும் மேலே வரவழைத்துப் பந்தி விரித்திருப்பவர் வீட்டுக்காரர்தான்.

வலை வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கொக்கும் மீன்கொத்தியும் மீனை முழுதாக விழுங்கும். தலையோ வாலோ பாதி உடலோ கிடந்தால் பெரும்பாலும் பூனை அல்லது கீரியின் வேலை. சின்ன மீன்கள் மட்டும் ஒன்றிரண்டாகக் குறைந்துகொண்டே வருகின்றனவா? குளத்துக்கு மேலே கேபிள் கம்பியோ மொட்டைக் கிளையோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அதுதான் மீன்கொத்தியின் இருக்கை. பிடித்த மீனை அந்தக் கிளையிலேயே இரண்டு பக்கமும் அடித்து, தலைப்பக்கமாக விழுங்கும். கரைக்கல்லில் நீளமாக வழிந்த வெள்ளை எச்சம், விழுங்க முடியாத பெரிய மீனின் முதுகில் குத்துக்காயம், மீதி மீன்கள் தீனிக்கும் மேலே வராமல் அடியில் பதுங்கிக் கிடப்பது, இவை கொக்கு இனத்தின் அடையாளங்கள்.

இவை எதுவுமே இல்லை, காகம் மீனைத் தூக்கிப் போவதை மட்டும் கண்ணால் பார்த்தோம் என்பார்கள் சிலர். புதுக்குளம் என்றால் நான் முதலில் தண்ணீரைத்தான் சோதிப்பேன். வடிகட்டியில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை நிறைய விட்டுத் தீனியையும் அள்ளிப் போட்டால் அம்மோனியா ஏறி மீன் சாகும். செத்து மிதந்ததைக் காகம் எடுத்துப் போயிருக்கும். காகத்தை விரட்டி என்ன பயன்?

உண்மையான வேட்டைக்காரர்களுக்கு வருவோம். சேலத்தில் அதிகம் வருவது மடையான் என்கிற கொக்கு வகை. கரையில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றால் மண்ணும் சருகும் கலந்த நிறம். பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அங்கே ஒரு பறவை நிற்பது தெரியாது. பறக்கும்போதுதான் வெள்ளை இறக்கை தெரியும். சின்ன வெள்ளைக்கொக்கும் வரும். இரண்டும் மீன்கொத்தியைப்போல் மேலிருந்து பாய்வதில்லை. கரையில் இறங்கி, நடந்து, காலூன்றி நின்று குத்துகின்றன. இருட்டிய பிறகு வருவது வக்கா என்கிற இராக்கொக்கு. காலையில் மீன் குறைந்திருக்கிறது, பகலெல்லாம் காவல் இருந்தும் ஒரு பறவையும் வரவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீர்க்காகம் வீட்டுக் குளத்துக்கு அரிதாகவே வரும். பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தலைவலி. நீருக்குள் முங்கித் துரத்திப் பிடிப்பதால் அதனிடம் ஆழம் பலிக்காது, முழு வலை ஒன்றே வழி.

காலூன்றி நின்று குத்துகிறது என்பதுதான் இதில் முக்கியம். மடையானின் கால் குட்டை. நாலைந்து அங்குலத்துக்கு மேல் ஆழமிருந்தால் நின்று வேட்டையாடுவது அதற்குச் சிரமம். வெள்ளைக்கொக்கு சற்றுக் கூடுதலாக இறங்கும். ஆகவே கரையோரத்திலேயே இரண்டடி ஆழம் செங்குத்தாக இறங்கிவிட்டால் இவற்றுக்கு நிற்க இடமில்லை. கரை விளிம்பிலிருந்து நீர்மட்டம் அரை அடியாவது கீழே இருந்தால், மேலிருந்து குனிந்து குத்துவதும் எளிதல்ல. கோய் கார்ப் என்கிற அலங்கார மீன் வளர்ப்பவர்கள் நடுவில் நாலடி ஆழம் வைப்பது மீனின் உடல்நலத்துக்கும் நல்லது.

ஆனால் இன்று எல்லோரும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் வேண்டும் என்கிறார்கள். கூழாங்கல் பரப்பிச் சரிவாக இறங்கும் கரை, செடித்தொட்டி வைக்க நீருக்கடியில் அகலமான படி. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. கொக்கின் கண்ணுக்கு அது இன்னும் அழகு. ஏற்கெனவே அப்படிக் கட்டியிருந்தால் இடிக்க வேண்டியதில்லை. படிமேல் கனத்த தொட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி அல்லியும் சம்பும் நட்டுவிடுங்கள். சரிவுக் கரை என்றால், கரையிலிருந்து ஒரு சாண் உள்ளே சிறு கம்பிகளை நட்டு, நீருக்கு மேல் அரை அடி உயரத்தில் ஒன்றும் ஓரடி உயரத்தில் ஒன்றுமாக விறைப்பான கயிறு கட்டுங்கள். நடந்து வரும் பறவைக்குக் கால் தட்டும். மாடிக் கொடிக்கயிறு போதும்.

செங்குத்துச் சுவரில் இரண்டு சங்கடங்கள் உண்டு. தவறி விழும் அணிலும் ஓணானும் ஏற முடியாமல் சாகும். ஒரு மூலையில் சொரசொரப்பான பலகையைச் சாய்த்து வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடு என்றால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உறுதியான கம்பிவலைச் சட்டம் பொருத்தாமல் நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது காற்று. கொக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பலரும் கேட்கிறார்கள். செயற்கை அருவிக்கோ நீரூற்றுக்கோ வைத்த மோட்டாரை, படுக்கப் போகும் முன் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். கரண்ட் மிச்சம், ஆனால் தண்ணீரில் காற்று கலப்பதும் நின்றுவிடும். பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சேலத்துக் கோடையில் தண்ணீரும் சூடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 35 டிகிரியில் 7க்கும் கீழே போய்விடும். ஆக, விடியும் நேரத்தில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகமிகக் குறைவு. பச்சை பிடித்த குளம் உள்ள வீட்டுக்கு ஒரு நாள் ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். கை தட்டினாலும் உள்ளே போகாது. போனாலும் உடனே மேலே வந்துவிடும். கொக்கு தோட்டத்துக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். இரண்டடி, நாலடி ஆழமெல்லாம் அப்போது எதற்கும் உதவாது.

சின்னக் குளத்துக்குப் போதுமான காற்று பம்ப் பழைய குண்டு பல்பு அளவுகூட மின்சாரம் இழுக்காது. அதை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். தீனியையும் விடிகாலையில் போடாமல், ஆட்கள் நடமாடும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். மனித நிழலைக் கண்டதும் மேலே வரப் பழகிய மீன் கொக்கின் நிழலுக்கும் வரும்.

பதுங்குமிடம் அவசியம். கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில், ஆறு அங்குலச் சிமெண்ட் குழாய்த் துண்டுகளைப் போட்டுவையுங்கள். வாய் உடைந்த மண்பானையும் ஆகும். நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலை மூடியிருந்தால் மீன்கொத்திக்குக் குறி கிடைப்பது கடினம். ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம். அடர்ந்துவிட்டால் மடையான் அதன்மேலேயே நின்று மீன் பிடிக்கும்.

வலை கட்டுவது என்று முடிவெடுத்தால் ஒழுங்காகக் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கூசி (நைலான் நரம்பு) வலையை வாங்கித் தொய்வாக விரித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இழையில் மீன்கொத்தி சிக்கும், சாரைப்பாம்பு சிக்கும். சிக்கியதை வெட்டி விடுவிக்கப் போகிறவருக்கும் ஆபத்து. பருமனான கறுப்பு இழை, ஓரங்குலக் கண், நீருக்கு மேல் ஓரடி உயரச் சட்டம், தொட்டால் துள்ளும் அளவுக்கு விறைப்பு. இப்படிக் கட்டினால் உயிர்கள் சிக்குவது குறையும். சேலத்தில் நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை. பறவைக்கு மீன் தெரியாது, தண்ணீர் சூடாகாது, பாசியும் கட்டுப்படும். ஏற்காட்டில் இதே வலையைத் தட்டையாகக் கட்டாதீர்கள். சில்வர் ஓக் இலைகள் கொட்டி, மழையில் நனைந்து, வலை பள்ளம் விழுந்து தண்ணீரைத் தொடும். அங்கே நடுவில் உயர்த்தி, கூரைபோல் இரு பக்கமும் சரித்துக் கட்ட வேண்டும். மார்கழிக் குளிரில் மலைமேல் மீன்கள் மந்தமாகிவிடும், ஆபத்தைக் கண்டு விலகும் வேகமும் இருக்காது. கோடைக்குக் காத்திராமல் கார்த்திகையிலேயே வலையைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

பிளாஸ்டிக் ஆந்தை, மினுங்கும் நாடா, தொங்கவிட்ட பழைய சி.டி. எல்லாம் சில நாள் கூத்து. பறவை பழகிவிடும். கொக்கு பொம்மை வைத்துக் கொக்கை விரட்டுவது, கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதைதான். துணைக்கு ஆள் இருக்கிறது என்று இன்னொன்றும் வந்து இறங்கும். அருகில் எது அசைந்தாலும் தண்ணீர் பீய்ச்சும் சென்சார் குழாய் ஓரளவு பலன் தரும், அதையும் அவ்வப்போது இடம் மாற்றினால்.

உண்டிவில், கண்ணி, பூச்சிமருந்து தடவிய மீன் என்று யோசனை கேட்பவர்களும் உண்டு. கொக்கு, மீன்கொத்தி, நீர்க்காகம் எல்லாமே காட்டுப் பறவைகள். அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்தால் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து சாகும். மூக்கனேரியைத் தூர்வாரி, திட்டுகளில் மரம் வைத்துப் பறவைகளை வரவழைத்து மகிழ்ந்த ஊர் இது. அந்தப் பறவைகள் இரண்டு தெரு தள்ளி நம் வீட்டுக்கும் வரத்தான் செய்யும்.

குத்துப்பட்டுப் பிழைத்த மீனைக் குளத்திலேயே விட்டு மருந்து ஊற்றாதீர்கள். தனித் தொட்டியில், குளத்துத் தண்ணீரிலேயே விட்டு, லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகச் சேருங்கள். இந்த அளவு உப்பு அல்லிக்கு ஆகாது என்பதாலும்தான் தனித் தொட்டி. காற்று பம்ப் ஓட வேண்டும், தொட்டியின் மேல் பாதி மூடியிருக்க வேண்டும். காயத்தில் பஞ்சுபோல் வெண்மை படர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பறவை வந்துபோகிற குளத்தில் நத்தைகளையும் கவனியுங்கள். சில தட்டைப்புழுக்கள் பறவையின் எச்சம் வழியாக நீரில் இறங்கி, நத்தைக்குள் வளர்ந்து, மீனின் தோலிலோ கண்ணிலோ புகுந்து தங்கும். அந்த மீனைத் தின்னும் பறவைக்குள் மறுபடி முட்டையிடும். நத்தை குறைந்தால் இந்தச் சங்கிலி அறும். ஒரு முட்டைக்கோஸ் இலையை நூலில் கட்டி இரவில் நீரில் விடுங்கள். காலையில் அதில் ஒட்டியிருக்கும் நத்தைகளை இலையோடு எடுத்துவிடலாம்.

புது மீன் வாங்குவதானால், சென்னை கொளத்தூரிலிருந்து வரும் இரண்டங்குலக் குஞ்சுகளை நேராகத் திறந்த குளத்தில் விடாதீர்கள். சிமெண்ட் தொட்டியில் வலைக்கடியில் ஒரு சாண் வளரும்வரை வைத்திருங்கள். அந்த அளவுக்கு வந்துவிட்டால் மடையானாலும் மீன்கொத்தியாலும் அதை விழுங்க முடியாது.