‘பாலியல் சீண்டல்’ என்னும் மழுப்பல்

‘மாணவியிடம் பாலியல் சீண்டல்: ஆசிரியர் கைது.’ இந்தத் தலைப்பு செய்தித்தாளோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பள்ளிகளில் புகார் எழுதுகிறவர்களின் பேனாவிலும் இதே சொல் ஏறிவிட்டது. கேடு அங்கேதான்.

சீண்டு என்றால் தொடு, நோண்டு, வம்புக்கு இழு. ‘நாயைச் சீண்டாதே’ என்கிறோம். கடிபட்டால் தப்பு சீண்டியவன்மேல், ஆனால் அவனுக்கு ‘குறும்பன்’ என்பதற்கு மேல் பட்டம் கிடையாது. அண்ணன் தங்கையின் சடையை இழுத்தால் சீண்டல். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் முறைத்துக்கொண்டால் அதுவும் சீண்டல். சொல்லோடு ஒட்டிய இந்த விளையாட்டுத்தனம், முன்னால் ‘பாலியல்’ என்று ஒட்டுப் போட்டதும் உதிர்ந்துவிடுமா?

இதற்கு மூத்த அக்காள் ‘ஈவ் டீசிங்’. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அது இருந்தது. 2002-இல் அதை எடுத்துவிட்டு ‘ஹராஸ்மென்ட்’ என்று மாற்றினார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றமும் ‘ஈவ் டீசிங்’ என்பது இடக்கரடக்கல், அதாவது சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் சொல் என்றே குறிப்பிட்டது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பதற்கு இடக்கரடக்கல் சரி. குற்றத்துக்கு எதற்கு? சட்டமே கழித்துக் கட்டியதைத் தமிழில் எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம்.

பொருளும் பொருந்தவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012), தொட்டுச் செய்வதையும் தொடாமல் செய்வதையும் பிரித்துச் சொல்கிறது. பாலியல் நோக்கத்தோடு உடலைத் தொடுவது 7-ஆம் பிரிவு; தண்டனை 3 முதல் 5 ஆண்டு. செய்தவர் அந்தப் பள்ளியின் ஊழியர் என்றால் 9-ஆம் பிரிவு; 5 முதல் 7 ஆண்டு. தொடாமல் அதே நோக்கத்தோடு பேசுவது, சைகை காட்டுவது, படம் காட்டுவது, பின்தொடர்வது 11-ஆம் பிரிவு; 3 ஆண்டு வரை. ‘சீண்டல்’ முதலாவதற்கு மிக இலேசு. தொடுதலே இல்லாத கடைசியையோ வெறும் வம்பாக்கிவிடுகிறது. ஆடைக்கு மேல் தொட்டால் 7-ஆம் பிரிவுக் குற்றமாகுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி, ஆகும் என்று 2021 நவம்பரில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்த நாடு இது. இங்கே சொல்லை இளக்கி வைப்பது யாருக்கு உதவும்?

தகுந்த சொல் கையிலேயே இருக்கிறது: துன்புறுத்தல். துன்பு + உறு என்றால் துன்பம் அடை. உறுத்து என்றால் அடையச் செய். அச்சுறு, அச்சுறுத்து போலத் தன்வினை பிறவினையான ஜோடி. செய்தவன் ஒருவன், பட்டவர் ஒருவர் என்று சொல்லின் இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது. சீண்டலில் பட்டவரின் வலிக்கு இடமே இல்லை.

‘பாலியல் தொல்லை’யும் வேண்டாம், கொசுவுக்கும் அதே சொல்தான். எதற்கெடுத்தாலும் ‘வன்கொடுமை’ என்பதும் எதிர்ப்பக்கத் தவறு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கானது; இரண்டும் குழம்பும்.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு கூத்து, ‘பாலினம்’ வரவேண்டிய இடத்தில் ‘பாலியல்’ போடுவது. பால் என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால் அப்படி வந்தவை. பாலினம் அந்தப் பகுப்பைக் குறிக்கும்; பாலியல் காமம் சார்ந்ததைக் குறிக்கும். நடையைப் பார்த்து ஒரு பையனைப் ‘பொட்டை’ என்று வகுப்பே கூவுவது பாலின வன்முறை. அதைப் ‘பாலியல் வன்முறை’ என்று பெயர்த்த கையேட்டைப் படிக்கும் ஆசிரியர், ‘இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லையே’ என்று மூடிவைத்துவிடுவார்.

இனி, பள்ளியில் புகாரைப் பதிவேட்டில் எழுதும்போது. துன்புறுத்தல் என்ற சொல்கூடத் தலைப்புக்கு மட்டும் போதும். உள்ளே குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும்: எந்த நாள், எந்த இடம், யார், என்ன செய்தார். ‘கையை இங்கே வைத்தார்’ என்று குழந்தை சொன்னதை ‘சீண்டினார்’ என்று சுருக்கினால் எந்தப் பிரிவு என்பதே தெரியாமல் போகும். திரும்பத் திரும்பக் கேட்கவும் கூடாது. நாலாவது முறை விவரம் மாறும், அதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிப்பார். பள்ளியே விசாரணைக் குழு போட்டு, மன்னிப்புக் கடிதம் வாங்கி முடிப்பது சட்டப்படி செல்லாது. போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை.