குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி விடுங்கள்

இந்த வாரமும் என்னிடம் பார்வைப் பயிற்சிக்கு ஒரு குழந்தை வந்தது. பிறவிக் கண்புரைக்கு ஆபரேஷன் முடிந்து, கனமான கண்ணாடியும் போட்டாயிற்று. அம்மா இடுப்பில் வந்தது, பாட்டி மடிக்கு மாறியது. பாயில் விடச் சொன்னால் பாட்டி பதறுகிறார்: "இடிச்சுக்கும் மேடம். முதல்ல நல்லா பாக்கட்டும், அப்புறம் விடலாம்."

அந்த "அப்புறம்" என்னை ஆற்றாமையில் தள்ளுகிறது. கண் ஒரு கேமரா, லென்ஸைச் சரிசெய்தால் படம் விழும், படம் விழுந்தால் பார்வை வந்துவிடும், கைகால் பிறகு தானாகப் பழகும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். விழித்திரையில் விழும் படத்தில் 'இது கைக்கு எட்டும்' என்று எழுதியிருக்காது. தலையைத் திருப்பினால் பொருள் எப்படி நகர்கிறது, தவழ்ந்து கிட்டே போனால் எவ்வளவு பெரிதாகிறது, கையை நீட்டினால் எந்த இடத்தில் படுகிறது என்பதையெல்லாம் குழந்தையின் உடம்புதான் செய்து செய்து கற்க வேண்டும். நீங்கள் தூக்கிக்கொண்டு சுற்றினால் நகர்வது உங்கள் கால்கள்.

1963இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு சுழல் கருவியில் பூட்டினார்கள். ஒன்று தானே நடந்தது, மற்றது தொட்டியில் உட்கார்ந்தபடி சுமக்கப்பட்டது. இரண்டும் கண்டது கிட்டத்தட்ட ஒரே காட்சி. ஆனால் சுமக்கப்பட்ட குட்டி, மேசைப் பரப்பை நோக்கி இறக்கியபோது முன்காலை நீட்டவில்லை. பள்ளத்தைக் கண்டு ஒதுங்கவும் இல்லை. வெளிச்சத்தில் சுதந்திரமாக நடமாட விட்டதும் 48 மணி நேரத்தில் தேறிவிட்டது. (குழந்தைகளுக்கு இவ்வளவு சீக்கிரம் வராது, பொறுமை வேண்டும்.)

பார்ப்பது நாம் உடம்பால் செய்கிற ஒரு செயல் என்று தத்துவ அறிஞர் ஆல்வா நோயே 2004இல் வாதிட்டார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போந்தி 1945லேயே பார்வையை உடம்போடு சேர்த்துத்தான் பேசினார். பொருளை அடையாளம் காண்பதற்கும் கையை வழிநடத்துவதற்கும் மூளையில் தனித்தனிப் பாதைகள் உண்டு என்று மூளை ஆய்வாளர்கள் குடேலும் மில்னரும் 1992இல் சொன்னார்கள். அப்படியானால் அடையாளம் காண உடம்பின் செயல் வேண்டியதில்லையே என்று, நோயேயின் கொள்கையை அப்படியே ஏற்காதவர்கள் உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் நான் உங்களிடம் கேட்பது மாறாது.

சர்ஜன் அனுமதித்ததும் தரையில் விடுங்கள். மேசை, கட்டில் முனைகளுக்குப் பஞ்சு ஒட்டுங்கள், குழந்தை போகாதபடி படிக்கட்டை மறித்து வையுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி இருக்கட்டும். பொம்மையைக் கையில் திணிக்காதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒன்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள், அதுவே போய் எடுக்கட்டும். மொபைலைக் காட்டி உட்காரவைப்பது பார்வைப் பயிற்சி ஆகாது. பாட்டிமாரே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. லேசாக இடித்துக்கொண்டால் அழும், தூக்கித் தேற்றுங்கள். தேற்றிய கையோடு மறுபடி பாயில் விடுங்கள்.